பேச்சுரிமைக்குக் கோடு எங்கே? "மனம் புண்படுகிறது" என்பது போதுமா?

#1 கேள்விக்குறி

பேச்சுரிமை பற்றி எங்கே வாதம் நடந்தாலும் கடைசியில் வண்டி வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "பேசு, ஆனால் யார் மனமும் புண்படாமல் பேசு." கேட்க நியாயமாகவே இருக்கிறது. அதையே விதியாக எழுதி வைத்தால் என்ன கெட்டுவிடும்? சங்கமோ கல்லூரியோ அரசோ, யாரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரே வரி:

"பிறர் மனதைப் புண்படுத்தும், வெறுப்பைத் தூண்டும், பொய்யான பேச்சுக்கு இடமில்லை."

இதில் எந்தச் சொல் நிற்கும், எது விழும்? சட்டம் தெரிந்தவர்களும், பதிவுகளை நீக்கும் வேலை தெரிந்தவர்களும் பிரித்துப் போடுங்கள். "சுதந்திரம் முழுமையானது", "எதற்கும் எல்லை உண்டு" வகைப் பதில்கள் வேண்டாம். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம், ஒன்றும் தேறாது.

#2 தராசுமுள்

மூன்றும் மூன்று வேறு சரக்கு. ஒரே மூட்டையில் கட்டியதே முதல் பிழை. "புண்படுத்தும்" என்பதை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

இந்தச் சொல்லைச் சட்டத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்படி இணையத்தில் "மிகவும் புண்படுத்தும்" செய்தி அனுப்புவது குற்றம். பொய் என்று தெரிந்தே எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்க அனுப்புவதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுதாக ரத்து செய்தது. காரணம் எளிது. எரிச்சலுக்கு அளவுகோல் கிடையாது. பிரிட்டனில் இதே போன்ற சொல்லை வைத்துக்கொண்டு, ஒரே பேச்சைக் கீழ் நீதிமன்றம் புண்படுத்தவில்லை என்றும் மேல் நீதிமன்றம் புண்படுத்துகிறது என்றும் சொன்னதைத் தீர்ப்பே எடுத்துக்காட்டுகிறது. நீதிபதிகளுக்கே பிடிபடாத கோட்டை ஒரு காவல் நிலைய எழுத்தர் எப்படிப் பிடிப்பார்?

அந்தத் தீர்ப்பில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது மூன்று படிகள். ஒன்றைப் பற்றி விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, அதைச் செய்யத் தூண்டுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் காப்பு உண்டு. மூன்றாவது படியில் கால் வைத்தால்தான் அரசு கை நீட்டலாம்.

ஒரு பின்குறிப்பு. ரத்தான பிறகும் பல ஆண்டுகள் 66ஏ-யில் வழக்குப் பதிவாகிக்கொண்டே இருந்தது. அச்சிட்ட சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே கிடந்தது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில்தான். இதன்கீழ் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு முறை உத்தரவிட வேண்டியிருந்தது. மோசமான விதியை எழுதுவது ஒரு நாள் வேலை, அழிப்பது ஏழு வருட வேலை.

#3 சும்மாஇரு

எதுக்கு இவ்ளோ சுத்தணும்? கூட்டம் நிறைஞ்ச தியேட்டர்ல "தீ"ன்னு கத்தக் கூடாது. அதான் கோடு. உலகமே ஒத்துக்கிட்டது.

#4 கறுப்புமை

உலகம் ஒத்துக்கொண்டது தவறாக ஒத்துக்கொண்டது. மூல வாக்கியத்தில் "கூட்டம் நிறைந்த" கிடையாது. "பொய்யாக" என்ற சொல் உண்டு. வாய்க்கு வாய் போனதில் இல்லாத சொல் ஒட்டிக்கொண்டு, இருந்த சொல் உதிர்ந்துவிட்டது. நிஜமாகவே தீப்பிடித்திருந்தால் கத்தித்தான் ஆகணும் ஐயா.

அதைச் சொன்னவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ், 1919-ல். எந்த வழக்கில் என்று பாருங்கள்: முதல் உலகப் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துச் சுமார் 15,000 துண்டறிக்கை அடித்தவர்களைச் சிறைக்கு அனுப்பிய வழக்கு. அரசியல் எதிர்ப்பை "தீ" ஆக்கிவிட்டார்கள். உவமை சரி, ஒட்டிய இடம்தான் தப்பு. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு துண்டறிக்கை வழக்கு வந்தபோது ஹோம்ஸே சக நீதிபதிகளோடு முரண்பட்டு, விடுவிக்கச் சொல்லி எழுதினார்.

அந்த நாட்டில் இன்று நிற்கும் கோடு 1969-ன் பிராண்டன்பர்க் தீர்ப்பு. பேச்சு உடனடிச் சட்டமீறலைத் தூண்டுவதை நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும், அது நடந்தேறும் வாய்ப்பும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தண்டனை. "உடனடி" என்பதை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்பதற்கு 1973-ல் வந்த ஒரு தீர்ப்பு. போராட்டக்காரர்களைப் போலீஸ் தெருவிலிருந்து ஒதுக்குகிறது. ஒருவர் "தெருவை அப்புறம் பிடிச்சுக்கலாம்" என்ற பொருளில் கெட்ட வார்த்தை சேர்த்துக் கத்துகிறார். தண்டனை செல்லாது என்றாகிவிட்டது. "அப்புறம்" என்ற ஒற்றைச் சொல் ஆளைக் காப்பாற்றியது.

தீ உவமையில் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்: கேட்பவருக்கு யோசிக்கவோ எதிர்த்துப் பேசவோ நேரம் இல்லை. 1913-ல் அமெரிக்காவின் காலுமெட் என்ற சுரங்க ஊரில் வேலைநிறுத்தத் தொழிலாளர் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் விழாவில் யாரோ "தீ" என்று கத்த, மாடிப்படியில் நெரிசலில் செத்தவர்கள் 73 பேர், பெரும்பாலும் குழந்தைகள். தீ எங்கும் இல்லை. மறுப்பு அறிக்கை விட அங்கே யாருக்கு நேரம்?

#5 வெண்கலம்

தராசுமுள், கறுப்புமை, உங்கள் இருவர் வாதமும் கூட்டத்தில் வலுவாக நிற்பவனுக்கு வசதியானது. காலங்காலமாக இழிசொல் கேட்டு வளர்ந்தவனிடம் போய் "இது வெறும் புண்படுதல், உடனடி வன்முறை இல்லை, நீயும் பதில் பேசு" என்றால் அவன் யாரிடம் போய்ப் பேசுவான்? பேசவே விடாமல் செய்வதுதானே அந்த இழிசொல்லின் வேலை? உடனடி ஆபத்து மட்டுமே கோடு என்றால் அவமானம் கணக்கிலேயே வராது.

#6 தராசுமுள்

வெண்கலம் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். அவமானம் கணக்கில் வர வேண்டும். அதை "புண்படுதல்" என்ற சொல்லால் பிடிக்க முடியாது என்பதுதான் என் வாதம்.

இதை ஒழுங்காக எழுதிய சட்டம் ஒன்று கையிலேயே இருக்கிறது. 1989-ன் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 3(1)(ஆர்) பிரிவு. என்னென்ன கேட்கிறது என்று எண்ணுங்கள். இழிவுபடுத்தும் நோக்கம் வேண்டும். வேண்டுமென்றே அவமதித்தோ மிரட்டியோ இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர், பேசியவர் சேராதவர். பொதுமக்கள் பார்வையில் படும் இடமாக இருக்க வேண்டும். கேட்டவர் மனம் எவ்வளவு நொந்தது என்ற கேள்வியே எழவில்லை. பேசியவரின் நோக்கம், யாரை நோக்கி, எங்கே. மூன்றும் சாட்சி வைத்து நிறுவக்கூடியவை. "என் மனம் புண்பட்டது" என்பதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். மனம் புண்படுவதைக் கோடாக்கினால் அது கீழே இருப்பவரைக் காப்பதை விட, கூட்டம் சேர்க்கத் தெரிந்தவரைத்தான் காக்கும். நான்கு பேர் கல்லை எடுத்தால் "பொது அமைதி கெடுகிறது" என்று பேசியவர் வாயை மூடுவார்கள். இட ஒதுக்கீடு பற்றிய ஒரு தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழ் ரத்தாகி உச்ச நீதிமன்றம் போன வழக்கு, 1989-ன் ரங்கராஜன் தீர்ப்பு. ஆர்ப்பாட்ட மிரட்டலுக்காகப் பேச்சை அடக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதற்குச் சமம் என்று அதில் இருக்கிறது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு "வெடிமருந்துப் பீப்பாயில் பொறி" போல நெருங்கியிருக்க வேண்டும் என்ற வரியும் அங்கிருந்துதான்.

ஐரோப்பாக்காரர்கள் தங்கள் மனித உரிமை நீதிமன்றத்தின் 1976 ஹேண்டிசைட் தீர்ப்பை நீட்டுவார்கள்: புண்படுத்தும், அதிர்ச்சி தரும், குலைக்கும் கருத்துகளுக்கும் காப்பு உண்டு என்பது. அழகான வாக்கியம். ஆனால் வழக்குத் தொடுத்தவர் அதில் தோற்றார் என்பதை யாரும் சொல்வதில்லை.

#7 வடலி

சட்டத்தை நல்லா எழுதினால் சரி எண்டு தராசுமுள் நினைக்கிறார் போல. நல்லா எழுதின சட்டம் எப்பிடிப் போய் முடிஞ்சது எண்டதுக்கு இலங்கையைப் பாருங்கோ.

2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். சர்வதேச குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின்ர 20 ஆம் உறுப்புரையில இருக்கிறதை 3 ஆம் பிரிவில போட்டது: இன, மத வெறுப்பைப் பரப்பி, பாகுபாடு, பகை, வன்முறையைத் தூண்டக் கூடாது. வாசிச்சால் ஒரு குறையும் இல்லை. சிறுபான்மையைக் காப்பாற்றத்தான் இந்த வசனம் உலகத்தில எழுதப்பட்டது.

2019 ஏப்ரலில ஒரு சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக இதன்கீழ பிடிபட்டு 4 மாதத்துக்கு மேல உள்ளுக்க. பிறகு வழக்கே இல்லாமப் போனது. அடுத்த மாதம் ஒரு முஸ்லிம் பெண் பிடிபட்டது உடுப்பில இருந்த சக்கரப் படத்துக்காக. அது கப்பலின்ர சுக்கான், பிடிச்சவை தர்மச் சக்கரம் எண்டு நினைச்சவை.

எங்க பிழைச்சது எண்டு கேட்டால், குற்றத்தை வரையறுத்த வசனத்தில இல்லை, பிணையில. இந்தக் குற்றத்துக்குப் பிணை குடுக்கிற அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கு மட்டும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில. நீதவான் கதையை வாசிச்சு "இதில ஒண்டும் இல்லையே" எண்டு நினைச்சாலும் விட ஏலாது. தீர்ப்பு வர முதலே தண்டனை முடிஞ்சுபோகும். 2020 மே மாதம் தமிழ்க் கவிதைத் தொகுப்பு ஒண்டுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிபட்ட கவிஞருக்கும் இதே கதைதான். பிணை கிடைச்சது 2021 டிசம்பரில, விடுதலையானது 2023 டிசம்பரில.

ஆகவே கேள்விக்குறி, உங்கட விதியில என்ன சொல் போடுறது எண்டு யோசிக்கிற நேரத்தில பாதியையாவது, புகார் வந்த அண்டைக்கு என்ன நடக்கும் எண்டதுக்குச் செலவழியுங்கோ.

#8 கேள்விக்குறி

வடலி சொன்னது சுருக்கென்றது. "புண்படுத்தும்" போயிற்று, வைத்துக்கொள்ளவில்லை. "வெறுப்பைத் தூண்டும்" நிற்கும் என்றால், ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தை எடுத்து எப்படி அளப்பது? "அவங்களை இனி இந்தப் பக்கமே விடக் கூடாது." இது தூண்டலா இல்லையா?

#9 தராசுமுள்

வாக்கியத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதுதான் விடையின் முதல் பாதி.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் காட்டிய உதாரணம் இன்றைக்கும் இதற்கு மேல் தெளிவாக யாரும் காட்டவில்லை. "தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறவர்கள்" என்று பத்திரிகையில் எழுதினால் அது கருத்து, விட்டுவிட வேண்டும். கொதித்துப்போன கூட்டம் ஒரு தானிய வியாபாரி வீட்டு வாசலில் நிற்கும்போது அதையே உரக்கச் சொன்னால், அல்லது அட்டையில் எழுதி அங்கே நீட்டினால், தண்டிக்கலாம். சொற்கள் ஒன்றுகூட மாறவில்லை. வாசல் மாறியிருக்கிறது.

இதைப் படிப்படியாக அளக்க 2012-ல் ஐ.நா. மனித உரிமை அலுவலக முயற்சியில் உருவான ரபாத் செயல்திட்டத்தில் ஆறு கேள்விகள் உண்டு. உங்கள் வாக்கியத்தை அதில் ஓட்டுவோம்.

சூழல் என்ன? அந்தச் சமூகத்தின் மீது அண்மையில் தாக்குதல் நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் வாக்கியத்தின் எடை உடனே ஏறும். பேசியவர் யார்? கூட்டம் அவர் சொல் கேட்டு நகருமா? தெருமுனையில் தனியாகப் புலம்புகிறவரும் பெரிய அமைப்பின் தலைவரும் ஒன்றாக முடியாது. நோக்கம் என்ன? கவனக் குறைவோ அசட்டுத்தனமோ போதாது. இங்கேதான் பெரும்பாலான புகார்கள் விழுகின்றன, விழவும் வேண்டும். உள்ளடக்கமும் வடிவமும்: நேரடியாக ஒரு செயலைச் சொல்கிறதா, கிண்டலா, கவிதையா? வீச்சு: எத்தனை பேரிடம், எந்த வழியில், எத்தனை முறை? கடைசியாக, விளைவு நடக்கும் வாய்ப்பும் அது எவ்வளவு அருகில் என்பதும்.

ஆறையும் கூட்டி மதிப்பெண் போட்டு 4 வந்தால் குற்றம் என்று செய்யக் கூடாது. நோக்கம் இல்லையென்றால் மற்ற ஐந்தும் இருந்தாலும் சிறைக்கு அனுப்பும் குற்றமாகாது. சில பயிற்சிப் பட்டறைகளில் இதற்கு மதிப்பெண் அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள், பார்த்தாலே தலை சுற்றும்.

ரபாத் அளவுகோல் குற்ற வழக்குக்கான உயர்ந்த வாசல் என்பதையும் மறக்க வேண்டாம். அதைத் தாண்டாத பேச்சுக்கு எதிராக உரிமையியல் வழக்கு, கண்டனம், பதில் பேச்சு எல்லாம் மிச்சம் இருக்கின்றன. அரசே கட்டுப்படுத்த நினைத்தால், வடலி சொன்ன குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 19(3) வேறு மூன்றைக் கேட்கும்: தெளிவான சட்டம் இருக்கிறதா, அதில் சொன்ன நோக்கங்களில் ஒன்றா, இதைவிடக் குறைவான நடவடிக்கை போதாதா. மூன்றாவதில்தான் அரசுகள் வழுக்கி விழும்.

#10 சும்மாஇரு

சரி, தியேட்டரை விட்டுட்டேன். ஆனா "உடனடி"ன்னு காத்துக்கிட்டே இருந்தா ருவாண்டா மாதிரி ஆகாதா? அங்க ரேடியோ ஒரே நாள்ல ஆரம்பிச்சதா என்ன?

#11 கறுப்புமை

இந்த இழையில் இதுவரை வந்ததில் நல்ல கேள்வி இதுதான்.

ருவாண்டாவின் ஆர்டிஎல்எம் வானொலி 1993 ஜூலையில் தொடங்கியது. பாட்டு, நையாண்டி, அரட்டை என்று இளைஞர்களை இழுத்தது. துட்சிகளை, அதாவது அந்த நாட்டின் சிறுபான்மை இனத்தவரை, "கரப்பான்பூச்சி" என்று அழைப்பது அந்த அரட்டைக்குள்ளேயே பழகிப்போனது. 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கியபின் ஆட்களின் பெயரும் வண்டி எண்ணும் மறைந்திருக்கும் இடமும் ஒலிபரப்பில் போயின. பெயர் படித்த அந்தப் பேச்சு எந்த நாட்டுச் சட்டத்திலும் கோட்டுக்கு அப்பால்தான், பிராண்டன்பர்க் உட்பட. குழப்பம் அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில்தான்.

2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் ஊடகக்காரர்கள் மூவரைத் தண்டித்தது. 2007 மேல்முறையீட்டில் தண்டனைகள் 30, 32, 35 ஆண்டுகள் என்று குறைந்தன. மேல்முறையீட்டில் கோடு இன்னும் கூர்மையானது: வெறுப்புப் பேச்சு வேறு, இனப்படுகொலைக்கான நேரடியான, வெளிப்படையான தூண்டல் வேறு. ஏப்ரல் 6-க்கு முந்தைய ஒலிபரப்புகளைத் தூண்டல் என்று உறுதியாகக் கொள்ள முடியவில்லை என்றார்கள்.

தடுக்க வழி இருந்ததா? விமானத்திலிருந்து அலைவரிசையைக் குலைக்கலாமா என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் 1994 மே மாதம் பரிசீலித்தார்கள். பறக்கும் மணிக்குச் சுமார் 8,500 டாலர் ஆகும், பலன் குறைவு, செலவு அதிகம் என்று குறிப்பு எழுதி மூடிவிட்டார்கள்.

ஒன்பது மாதப் பேச்சைக் குற்றமாக்கியிருந்தால் நின்றிருக்குமா? எனக்குச் சந்தேகம். வானொலி ஆட்சி வட்டாரத்துக்கு நெருங்கியவர்களுடையது. வெறுப்புப் பேச்சுச் சட்டம் அன்று இருந்திருந்தால் அதை யார் கையில் வைத்திருப்பார்கள்? வடலி சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

#12 வெண்கலம்

அந்தச் சந்தேகத்தோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஜெர்மனி வேறு முடிவு எடுத்தது. நாஜி இனப்படுகொலையை மறுத்து, பொது அமைதியைக் குலைக்கும் விதத்தில் வெளிப்படையாகப் பேசினால் குற்றவியல் சட்டம் 130-ன்படி 5 ஆண்டு வரை சிறை. "உடனடி"க்குக் காத்திருக்கவில்லை. கருத்துச் சந்தை உண்மையைத் தானாக மேலே கொண்டுவரும் என்ற நம்பிக்கை, 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அவர்களைக் காப்பாற்றவில்லை.

#13 தராசுமுள்

ஐரோப்பாவிலேயே அந்தக் கோடு எல்லா நாட்டுக்கும் ஒன்றாக இழுக்கப்படவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003-ல், யூத இனப்படுகொலையை மறுத்த பிரெஞ்சு எழுத்தாளரின் மனுவை விசாரணைக்கே எடுக்கவில்லை. அதே நீதிமன்றம் 2015-ல் ஆர்மீனியப் படுகொலை இனப்படுகொலை இல்லை என்று பேசியதற்காக சுவிட்சர்லாந்து ஒருவரைத் தண்டித்தது பேச்சுரிமை மீறல் என்றது. அந்த நாட்டில், அந்தக் காலத்தில், அந்தப் பேச்சு வன்முறைக்கோ வெறுப்புக்கோ அழைப்பாக இருந்ததா என்று பார்த்தார்கள். ஜெர்மனியின் விதி ஜெர்மனியின் வரலாற்றுக்கு எழுதியது. அதை நகலெடுத்து வேறு நாட்டில் ஒட்டினால், "அதிகாரபூர்வ வரலாற்றை மறுக்காதே" என்று ஒவ்வோர் அரசும் தனக்கொரு பிரிவு எழுதிக்கொள்ளும். வெண்கலம், இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்றே தோன்றுகிறது.

#14 வெண்கலம்

ஒத்துப்போக மாட்டோம். ஆனால் "வரலாறு இருக்கும் இடத்தில் கோடு முன்னாலேயே விழலாம்" என்பதை நீங்களே ஒப்புக்கொண்டதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

#15 கறுப்புமை

மூன்றாவது சொல் பாக்கி: "பொய்யான". இதுதான் மூன்றிலும் ஆபத்தானது, பார்க்க ரொம்பச் சாது.

1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸில் கறுப்பின உரிமை இயக்கத்துக்கு நிதி கேட்டு ஒரு முழுப் பக்க விளம்பரம். மாணவர்கள் பாடிய பாட்டின் பெயர் தப்பு. மார்ட்டின் லூதர் கிங் ஏழு முறை கைதானார் என்றிருந்தது, உண்மையில் நான்கு. இப்படிச் சில்லறைப் பிழைகள். விளம்பரத்தில் பெயரே வராத ஒரு நகர ஆணையர் வழக்குப் போட்டு 5 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். 1964-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, பொது அதிகாரி நஷ்டஈடு கேட்டால் பேசியவருக்குப் பொய் என்று தெரிந்திருந்தது அல்லது உண்மையா பொய்யா என்ற அக்கறையே இல்லாமல் பேசினார் என்று காட்ட வேண்டும் என்றது. பிழையே இல்லாமல்தான் பேச வேண்டும் என்றால், நிஜமாக நடந்ததையும் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

நடைமுறையில் அவதூறு விதி எழுதுபவர் பார்க்க வேண்டியவை: அது உண்மைக் கூற்றா, கருத்தா ("அவர் 10 லட்சம் எடுத்தார்" கூற்று, "அவர் நிர்வாகம் கேவலம்" கருத்து). யாரைப் பற்றி என்று அடையாளம் தெரிகிறதா. நிஜமான சேதம் உண்டா. பிரிட்டன் 2013-ல் "கடுமையான சேதம்" என்று வாசலை உயர்த்தியதே அற்ப வழக்குகளை வடிகட்டத்தான். திருத்தம் கேட்டுப் பார்த்தார்களா. தண்டனை பணமா, சிறையா. இலங்கை 2002-லேயே குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது. இந்தியா 2016-ல் அது செல்லும் என்று உறுதிசெய்து, புதிய சட்டத்திலும் 356-ஆம் பிரிவாக 2 ஆண்டு வரை சிறையோடு வைத்திருக்கிறது.

எழுதுபவர் பக்கத்திலிருந்தும் ஒன்று. குற்றச்சாட்டு வெளியிடும் முன் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் "கூ" அல்லது "க" போடுங்கள், கூற்று அல்லது கருத்து. "கூ" போட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆவணம் இருக்கணும். எதிர்த்தரப்புக்குக் கேள்வியை எழுத்தில் அனுப்பி, பதில் தர நியாயமான அவகாசம் கொடுங்கள். "கூ"வுக்கு ஆவணம் இல்லையென்று "என்கிறார்கள்" சேர்த்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன் என்பது பொதுவாக எந்த நீதிமன்றத்திலும் தானாகவே காப்பாகிவிடாது.

#16 உரலி

லேட்டா வர்றேன். பதிவுகளை நீக்குற பக்கத்துல இருந்து சொல்றேன். நீங்க ஒரு வாக்கியத்தை ஆறு கேள்வி வெச்சு அளக்குறீங்க. இங்க ஒரு ஆளுக்கு ஒரு பதிவுக்குக் கிடைக்கிறது சில விநாடி.

முதல்ல இயந்திர வடிகட்டி. தமிழ்ல அது எப்படி உதைக்கும்னு பாருங்க. "பாட்டுல கொன்னுட்டான்யா", "பசி உயிர் போகுது", "அடிச்சுத் தூள் கிளப்பிட்டாங்க", "சிரிச்சே செத்தேன்". சொல்லை வெச்சுப் பிடிச்சா இது எல்லாம் வன்முறை. எதிர்ப்பக்கம்: "அண்ணன் வீடு எங்கன்னு எல்லாருக்கும் தெரியும்ல? சாயங்காலம் போய் நலம் விசாரிச்சுட்டு வந்துடலாம்." கெட்ட வார்த்தை ஒண்ணு கூட இல்ல. இந்த இழையிலேயே ஆபத்தான வாக்கியம் அதுதான், வடிகட்டி கண்டுக்காது. தமிழை ஆங்கில எழுத்துல அடிச்சா ஒரே வசவுக்கு இருபது எழுத்துக்கூட்டல் வரும், அது தனிக் கொடுமை.

கணக்கும் போட்டுக் காட்டுறேன். 10 லட்சம் பதிவு, அதுல நிஜமாவே மோசம் 1,000ன்னு வெச்சுக்குங்க. வடிகட்டி 99 சதவீதம் சரின்னு விளம்பரம். மோசமானதுல 990-ஐப் பிடிக்கும். மீதி 9,99,000 நல்ல பதிவுல ஒரு சதவீதம், 9,990-ஐயும் சேர்த்துப் பிடிக்கும். பிடிச்ச பதினொண்ணுல பத்து அப்பாவி. அதனால இயந்திரம் வரிசையில முன்னாடி தள்ளட்டும், நீக்குறது மனுஷன் செய்யட்டும். அந்த மனுஷனுக்கு அந்தப் பேச்சுவழக்கு தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டாவது, கெடு. ஜெர்மனி 2017-ல போட்ட சமூக ஊடகச் சட்டத்துல (2024-ல அந்தக் கெடுவெல்லாம் எடுத்தாச்சு) இருந்தது: அப்பட்டமா சட்டவிரோதம்னா 24 மணி நேரம், மத்தது பொதுவா 7 நாள், அபராதம் 5 கோடி யூரோ வரை. நீக்காம விட்டா அபராதம், தப்பா நீக்கினா ஒண்ணும் இல்லன்னு இருந்தது. அப்போ சந்தேகம் வந்தா எந்தப் பக்கம் கை போகும்? பிரான்ஸ் இதையே இன்னும் இறுக்கி எழுதினப்போ, 2020 ஜூன்ல அவங்க அரசியலமைப்பு மன்றம் அந்தக் கெடுப் பிரிவுகளை ரத்து பண்ணிடுச்சு, இதே காரணத்துக்காக. ஷ்ரேயா சிங்கால் தீர்ப்புலயும் 66ஏ-யை மட்டும் பேசுறாங்க. அதே சட்டத்தோட 79-ஆம் பிரிவு, அதாவது மத்தவங்க போட்ட பதிவுக்கு நிறுவனம் எப்போ பொறுப்புங்கிறது, அதைப் பத்தி சொன்னதுதான் எங்களுக்கு முக்கியம்: யாரோ புகார் அனுப்பினதுக்கே நிறுவனம் நீக்கணும்னு இல்ல, நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வரணும்.

வரிசை இப்படி வெச்சா ஓரளவு தாங்கும். தனி ஆளோட முகவரி, போன் நம்பர், மிரட்டல், இது மூணும் உடனே மறை, அப்புறம் பேசு. மத்தது எல்லாம் பதிவு நிக்கட்டும், முதல்ல படி. மேற்கோளா, கிண்டலா, கண்டிக்கிறதுக்காகத் திருப்பிப் போட்டதான்னு பாரு. வெறுப்பை அம்பலப்படுத்துறவங்க பதிவுதான் அதிகம் மாட்டும். நீக்கினா எந்த விதி, எந்த வாக்கியம்னு எழுதிச் சொல்லு, "விதிமீறல்"னு மொட்டையா அனுப்பாதே. நீக்கினதோட நகல், நேரம், முடிவெடுத்தவர் குறியீடு பத்திரமா இருக்கணும், பின்னாடி வழக்குக்கு அதுதான் சாட்சி. மேல்முறையீட்டை முதல்ல நீக்கினவரே பாக்கக் கூடாது.

மிரட்டலுக்கும் வாய்ச்சவடாலுக்கும் வித்தியாசம் கேட்டா அமெரிக்காவோட 1969 வாட்ஸ் வழக்கு. 18 வயசுப் பையன், "என்னைத் துப்பாக்கி தூக்க வெச்சா முதல்ல குறி வைக்கிறது ஜனாதிபதியைத்தான்"னு கூட்டத்துல சொன்னான். கேட்டவங்க சிரிச்சாங்க. மிகைப்படுத்தின அரசியல் பேச்சுன்னு நீதிமன்றம் விட்டுடுச்சு. எழுத்துல அந்தச் சிரிப்பு தெரியாது, அதான் எங்க வேலையோட கஷ்டமே.

#17 கேள்விக்குறி

இதுவரை வந்ததை வைத்துத் திருத்திய வரைவு:

"ஒருவரையோ பிறப்பால் அமைந்த அடையாளம் கொண்ட ஒரு குழுவையோ தாக்கவோ ஒதுக்கவோ தூண்டும் நோக்கத்தோடு, அது நடக்கக்கூடிய சூழலில் பேசுவது, குறிப்பிட்ட ஆளை மிரட்டுவது, தனி ஆளின் முகவரி, தொலைபேசி எண்ணை அவர் சம்மதமின்றி வெளியிடுவது, பொய் என்று தெரிந்தே ஒருவருக்குக் கடுமையான சேதம் தரும் கூற்றை வெளியிடுவது. இவை தவிர வேறு காரணத்துக்காகப் பேச்சு தடுக்கப்படாது. முடிவு எழுத்தில் தரப்படும். 7 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், வேறொருவர் விசாரிப்பார்."

#18 தராசுமுள்

"பிறப்பால் அமைந்த" என்றால் மதம் மாறியவர் வெளியே போய்விடுவார். அகதி, புலம்பெயர்ந்தவர் கதியும் அதேதான். "இனம், மதம், சாதி, மொழி, பாலினம், பிறந்த நாடு, உடற்குறை" என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். "போன்ற" என்று முடிக்காதீர்கள், அந்தச் சொல்லுக்குள் நாளைக்கு ஒரு கட்சியும் ஒரு நடிகரின் ரசிகர் மன்றமும் நுழைந்துவிடும்.

#19 கறுப்புமை

"பொய் என்று தெரிந்தே" உடன் "உண்மையா என்று பார்க்க மனமில்லாமலே" சேருங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் "எனக்குத் தெரியாது" என்று தப்புவார்கள்.

#20 வடலி

7 நாள் மேல்முறையீடு செய்யிறவருக்குக் கெடு. தீர்ப்புச் சொல்லுறவருக்குக் கெடு எங்க? அதையும் எழுதுங்கோ. அந்தக் கெடுவுக்குள்ள முடிவு வராட்டில் பதிவு தானாத் திரும்ப வரோணும்.

#21 உரலி

வடலி சொன்னதுக்கு ஒரு விலக்கு மட்டும். முகவரியும் மிரட்டலும் தானாத் திரும்ப வரக் கூடாது. மத்ததுக்கு 14 நாள் போதும்.